துணைக்கு வந்தவர்

"மூச்சு வாங்குற மனுஷியை எங்க இழுத்துக்கிட்டுப் போறா பாரு."

பாம்பூஃப்ளாட்டிலிருந்து சாத்தம் போகிற காலை ஃபெர்ரி. ஆபீஸ் போகும் சுசீலா பக்கத்து சீட்டுக்காரியிடம்தான் சொன்னாள். கேட்டது என்னவோ ஃபெர்ரி முழுக்க.

தனக்குத் தலை சுற்றுகிறது என்று சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்குத் துணையாக மாமியார் சொர்ணம்மாவைக் கூட்டிப் போகிறாள் பானு. படகுத்துறையில் பத்தடி நடப்பதற்குள் இரண்டு தடவை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றவர் சொர்ணம்மா.

"ஏன் பானு, வேற ஆளே கிடைக்கலையா?"

"இவங்க புள்ள கட்சால் தீவுல டூட்டியில இருக்காருக்கா."

"ஏன், நாங்க இல்லையா?"

"எனக்கு எங்க அத்தைதான் வரணும்."

"கல்நெஞ்சுக்காரி."

பானு விடவில்லை. "ஆமா, கல்நெஞ்சுதான். எனக்கு வயித்து வலியில உயிர் போகுது. உங்க நெஞ்சு பஞ்சுதானே, எந்திரிச்சு அத்தைக்கு அந்த ஜன்னலோர சீட்டைக் குடுங்க."

சுசீலா எழுந்திருக்கவில்லை. மற்றவர்கள் பானுவை முறைத்தார்கள். சொர்ணம்மா மருமகளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் மாமியாரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு பானு பர்ச்சி வாங்க, அதாவது ஓ.பி. சீட்டு வாங்க, வரிசையில் நின்றாள்.

"மரீஸ் கா நாம்?" நோயாளி பெயரைக் கேட்டார் கவுன்டர்காரர்.

பானு வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து பதில் வந்தது.

"சொர்ணம்மா. உமர் பாசட்."

பானு திரும்பினாள். பெஞ்சில் இருந்த அறுபத்திரண்டு வயது மாமியார், மூச்சிரைக்க அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"வீட்ல தலை சுத்துதுன்ன. ஃபெர்ரியில வயித்து வலிங்கிற. பொய் சொன்னா ஒண்ணையே சொல்லணும்டி."

பானுவுக்கு அழுகை வந்துவிட்டது. "நாலு மாசமா கெஞ்சுறேன் அத்தை. உங்களுக்குன்னா வர மாட்டீங்க. எனக்குன்னா ஓடி வருவீங்க. அதான்."

"அப்பவே வெளங்கிருச்சு. அடுத்த ஃபெர்ரியில திரும்பிடலாம்னுதான் நெனச்சேன். ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவச்சுப் படுக்காதவ நான்."

"அப்புறம் ஏன்...?"

"அத்தன பேர் முன்னால அவ ஏசியும் நீ உண்மையைச் சொல்லலியே. அதத்தான் தாங்க முடியல."

பர்ச்சி வந்தது. தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு சொர்ணம்மா அதை பானுவிடம் நீட்டினார்.

"கசங்காம வை. சாயங்கால ஃபெர்ரியில சுசீலா வருவா. இதுல யார் பேருன்னு வாசிச்சுட்டு, கல்நெஞ்சு யாருக்குன்னு அவளே சொல்லட்டும்."