உறைக்குள் இருந்த காமிக்ஸ்

ஜப்பானில் ஒரு புத்தகக் கடை. அங்கே காமிக்ஸ் எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். புரட்டிப் பார்க்க ஒரே ஒரு மாதிரிப் பிரதியை மட்டும் வெளியே வைப்பார்கள்.

"ஊரார் கையெல்லாம் பட்டு இப்படிக் கசங்கிட்டீங்களே அக்கா!" என்றது உறைக்குள் மிஞ்சியிருந்த கடைசிப் பிரதி.

"என்னைப் படிச்சவங்கதானே உன் கூட்டாளிகளை வாங்கிட்டுப் போனாங்க?" என்றது மாதிரி.

அன்று ஒரு பெரியவர் மாதிரியை நின்றபடியே படித்துக் கண்ணில் நீர்வரச் சிரித்தார். கடைக்காரி சியோரி கடைசிப் பிரதியை நீட்டினாள்.

"வேண்டாம்மா. என்னைச் சிரிக்க வெச்சது இதுதான்" என்று கசங்கியதையே வாங்கிப் போனார்.

மாதிரியாக வெளியே வைக்க வேறு பிரதி இல்லை. சியோரி கடைசிப் பிரதியின் உறையைக் கிழித்தாள். அது பக்கங்களை இறுக மூடிக்கொண்டது. ஒரு பெண் அதை எடுத்து, முதல் பக்கத்திலேயே வாய்விட்டுச் சிரித்தாள்.

"இன்னொரு பக்கம் புரட்டுங்களேன்" என்று கெஞ்சியது பிரதி.