ஆமில் மன்ஸில்

இல்லல்ல, பாஸ்போர்ட்டெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. பிரச்சனை விசாவுல இருந்த ஒத்த வரியில.

அதையும் அவனேதான் வாசிச்சான். சத்தமா. அழகா வேற.

தொண்டி மதரஸால குர்ஆனை ராகமா ஓதுற கிராஅத்துக்கு மொதப் பரிசு வாங்குனவன். அரபு எழுத்தைக் கண்டா வாய் தானா ஓதும். அர்த்தமா? நம்மள்ல எத்தன பேருக்குங்க தெரியும்.

விசா தாளு வாட்ஸப்புல வந்தப்ப, தன் பேருக்குக் கீழ இருந்ததை அடித்தொண்டைலேர்ந்து எடுத்து ஓதிக் காட்டுனான்.

ஆமில் மன்ஸிலி.

"ஆமில் மன்ஸில்னு போட்டிருக்கே மச்சான், நம்ம தங்குற எடமா?"

ஊர்ல பாதி வீட்டு நெலைக்கு மேல அப்படித்தானே எழுதியிருக்கு. ரஹ்மத் மன்ஸில். பரக்கத் மன்ஸில்.

வீடியோ கால்ல அந்தப் பக்கம் ரிபாயி மச்சான். அவன் அக்கா புருஷன். குவைத்துல பதினோரு வருஷம். அரபி தண்ணி பட்ட பாடு.

கேட்டதும் சிரிச்சாரு.

"ஆமா மாப்ள. பெரிய பில்டிங்கு."

ஏசி கம்பெனி, மெக்கானிக் வேலை. அதான் மச்சான் சொன்ன பேச்சு. ஐடிஐ முடிச்சு மெட்ராஸ்ல ஒழுங்கா பாத்துக்கிட்டிருந்த வேலைய இதுக்காகத்தான் விட்டான். கேஸ் அளக்குற கேஜ் செட்டு இருக்கே, அதை துணிமணிக்கு நடுவுல குழந்தையப் படுக்க வைக்கிற மாதிரி வச்சுக் கொண்டுபோனான்.

லாத்தாதான் ஊறுகாய்ப் பெட்டி கட்டுச்சு. அக்காவை அவன் லாத்தான்னுதான் கூப்புடுவான். அட்டைப்பெட்டிய டேப்பு போட்டு ஒட்டி, மேல அவன் பேரை அரபுலயே எழுதுச்சு. கீழ, விசாவைப் பாத்துப் பாத்து, அந்த வரியையும். தடிச்ச மார்க்கர்ல. அதுவும் அதே மதரஸாதான், கையெழுத்து முத்து முத்தா இருக்கும்.

"மச்சானும் நீயும் ஒரே தட்டுல வச்சு சாப்புடுங்க தம்பி."

இதைச் சொல்லித்தான் அனுப்புச்சு.

குவைத் ஏர்ப்போட்டுக்கு மச்சானே வண்டியோட வந்தாரு. நேராப் போகல. நாட்டைச் சுத்திக் காட்டுனாரு.

"ஆறு கெடையாது மாப்ள இங்க. ஒன்னுகூட. குடிக்கிறது பூரா கடல் தண்ணி, உப்பெடுத்தது. அந்தா உருண்டை உருண்டையா டவரு நிக்குதுல்ல, அதுக்குள்ளயும் தண்ணிதான். கீழ எண்ணெ, மேல தூசி. நம்ம ராமநாட்டு ஜில்லா மாதிரி நாலு, நாலரை, அவ்ளோதான் நாடு. காலைல கெளம்புனா சாயங்கால அஸர் தொழுகைக்குள்ள முடிஞ்சிரும்."

அவன் கண்ணாடியில மூஞ்சிய ஒட்டிக்கிட்டுப் பாத்தான். எந்தக் கட்டடத்தைப் பாத்தாலும் ஏசி. எண்ண ஆரம்பிச்சு விட்டுட்டான்.

"இந்த ஏசியெல்லாம் நின்னா நாடே நின்னுரும்ல மச்சான்?"

"நிக்கும், நிக்கும்."

"கம்பெனி எந்தப் பக்கம்?"

"போவோம். கடலைப் பாரு."

மூனு தடவ கேட்டான்.

மூனு தடவயும் கடல்.

கடைசில ஒரு வீட்டு வாசல்ல வண்டி நின்னுச்சு. பெரிய கேட்டு. போர்டு இல்ல. கேட்டு ஓரமா ஒரு சூட்கேஸு, கயிறு சுத்திக் கட்டுனது. மேல மச்சான் பேரு.

வெள்ளை அங்கியில ஒரு பெரியவர் வெளிய வந்தாரு. அவன் மூஞ்சியப் பாக்கல. கைல இருந்த அட்டைப்பெட்டியப் பாத்தாரு. லாத்தா எழுத்தை வாசிச்சாரு. மொதல்ல பேரு. அப்புறம் அந்த வரி.

"ஆமில் மன்ஸிலி."

அவன் நெஞ்சுக்கு நேரா விரலை நீட்டி, "ஸேன்"னாரு. நல்லதுன்னு அர்த்தம். சிரிச்ச மொகந்தான்.

பெரியவரு, மச்சான் கைல இருந்த வண்டிச் சாவிய வாங்கி அவன் கைல வச்சாரு. செவுத்தோரக் குழாயைக் காட்டுனாரு. வண்டியக் கழுவணுமாம். உள்ள போயிட்டாரு.

மச்சான் தரையப் பாத்துக்கிட்டே பேசுனாரு.

"மன்ஸில்னா வீடு மாப்ள. ஆமில்னா... வேலையாளு."

வீட்டு வேலையாளு.

பேருக்குக் கீழ. லாத்தா கையெழுத்துல. ஊர்லேர்ந்து அவனே சொமந்துக்கிட்டு வந்திருக்கான்.

"என் வேலைக்கு இன்னொரு ஆளைக் கொண்டாந்து விடாம என்னைய ஊருக்கு விடமாட்டேன்னுட்டாரு முதலாளி. ஊருக்கு வந்து நாலு வருஷம் ஆச்சு மாப்ள. எம் பொண்ணு போனைப் பாத்துத்தான் வாப்பாங்குது."

"இந்த விசாவுலேர்ந்து கம்பெனிக்கு மாறலாமா?"

மச்சான் தலைய ஆட்டுனாரு. முடியாதுன்னு.

டாக்ஸி வந்துச்சு. சூட்கேஸ் உள்ள போச்சு. ஏறுனவரு திரும்ப எறங்கி வந்து அவன் கையப் புடிச்சாரு.

"லாத்தாவுக்கு எதுவும் தெரியாது. நான் இன்னைக்கு ஊருக்கு வர்றதே தெரியாது. சொல்லிராத மாப்ள."

டாக்ஸி கதவு மூடுச்சு.

குழாயத் தொறந்தான். தண்ணி கொட்டுச்சு. உப்பெடுத்த கடல் தண்ணி. பெட்டியத் திருப்பி, எழுத்து கீழ போற மாதிரி வச்சான்.

அப்ப போன் அடிச்சுச்சு. லாத்தா.

வந்து சேந்துட்டியான்னு கேக்கல. சாப்டியான்னு கேக்கல.

"தம்பி, மச்சான் ஊருக்கு வர ஏர்ப்போட்டுக்குக் கெளம்பிட்டாரா?"

டாக்ஸி இன்னும் தெருமுக்குகூடத் திரும்பல. ஒரு கத்து கத்துனா நிக்கும்.

சொல்லுங்க, நீங்களா இருந்தா அந்த நிமிஷம் யாருக்குக் குரல் குடுத்திருப்பீங்க, லாத்தாவுக்கா, டாக்ஸிக்கா?