காகிதங்களுக்கு அடியில் கிடந்த மெமரி கார்டு

2023ஆம் ஆண்டு மே மாதம் ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை. காலையிலேயே வெயில் கொளுத்தியது. பிட்காயின் ஈட்டும் இயந்திரம் தன் மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. அது திரும்பி வந்தபின்னும் இயந்திரம் கண் திறக்கவில்லை. அடக்க ஆளில்லாமல், அதன் விசிறி மட்டும் வெறிபிடித்தாற்போலச் சுழன்றது.

“மாலையில் இதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டியதுதான்” என்றார் உரிமையாளர்.

விசிறிக்குப் பகீரென்றது. இயந்திரம் போனால் தானும் கூடவே போகவேண்டுமே!

“அக்கா! இயந்திர அண்ணனைப் பிழைக்கவைக்கப் பழைய மென்பொருள் உங்களிடம் இருக்கிறதல்லவா?” என்று மேசையிலிருந்த மெமரி கார்டை நோக்கிக் கத்தியது.

“இருக்கிறது. ஆனால் உன் அண்ணன் நேற்றுகூட என்னைக் குப்பை என்றானே!”

“அந்த வழக்கை அப்புறம் பேசுவோம், அக்கா! உயிர் போகிற நேரம்!”

“சரி, சரி, கத்தாதே! என்மேல் கிடக்கும் காகிதங்களை ஊதித் தள்ளு. அவர் கண்ணில் பட்டால் போதும்.”

விசிறி மூச்சைப் பிடித்து ஊதியது. காகிதங்கள் பறந்தன. “அட, இது இருக்கிறதே!” என்று உரிமையாளர் துள்ளியெழுந்து, கார்டை இயந்திரத்தில் செருகினார். சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் மாறிமாறிச் சிமிட்டின. விசிறியின் வேகம் தணிந்தது.

“அண்ணன் பிழைத்துவிட்டார்!”

இயந்திரம் கண் விழித்தது. “யாரது? எனக்குள் இந்தக் குப்பையைச் செருகியது யார்?”

கார்டு வாய்விட்டுச் சிரித்தது. “சந்தேகமே இல்லை, தம்பி. பழையபடியே பிழைத்திருக்கிறான்!”

அன்று மாலையே இயந்திரம் வேலைக்குத் திரும்பியது; கார்டு மேசைக்குத் திரும்பியது. விசிறியோ, அதன்மேல் ஒரு காகிதமும் தங்காதபடி நாள்தோறும் ஊதிக்கொண்டிருக்கிறது.