மேசைக்கு அடியில்

பாலஸ்தீன நகரமான நாப்லஸில் சுஹைலா தன் வீட்டில் வளரும் ஏழு வயது நோகாவுக்குத் திராட்சையைக்கூட இரண்டாக நறுக்கித்தான் கொடுப்பாள். பிள்ளைக்குத் தொண்டையில் சிக்கிவிட்டால் யார் பதில் சொல்வது? நோகா இஸ்ரேலின் ஹைஃபாவில் ஒரு யூதர் வீட்டுப் பெண். சுஹைலாவின் மகன் கைஸ் அங்கே, நோகாவின் அம்மாவிடம் இருக்கிறான். சமாதான உடன்படிக்கையின்படி இரண்டு பக்கமும் வீட்டுக்கு ஒரு பிள்ளை ஓராண்டு இடம் மாறி வளர வேண்டும். அது கையெழுத்தானதிலிருந்து இருபத்திரண்டு வருடமாக எந்தப் பக்கமும் ஒரு குண்டு விழவில்லை. சுஹைலாவுக்குத்தான் நெஞ்சுப் படபடப்பு ஒரு நாளும் அடங்கவில்லை.

அன்று மாலை சன்னல் அதிர வெடிச்சத்தம் கேட்டது. அடுப்பில் பாலை அப்படியே விட்டுவிட்டு, நோகாவை இழுத்துச் சாப்பாட்டு மேசைக்கடியில் தள்ளி, அவள்மேல் கவிழ்ந்து படுத்துவிட்டாள் சுஹைலா.

"சித்தி, மூச்சு முட்டுது. பட்டாசு சித்தி! எதுத்த வீட்டுல கல்யாணம்ல?"

பட்டாசுதான். தெரிந்த பிறகும் அவளால் எழ முடியவில்லை. பால் பொங்கித் தீயும் வாடை வந்தது.

"இப்படிச் சத்தம் கேட்டா உங்கம்மா கைஸைப் பிடிச்சுக்குவாங்களா?"

நோகா யோசித்தாள். "எங்க வீட்டு மேசை ரொம்பச் சின்னது. ரெண்டு பேர் போக முடியாது."

"அப்போ?"

"அவனை உள்ள தள்ளிட்டு அம்மா வெளிய படுத்துக்குவாங்க."

மறுநாள் காலையிலேயே சுஹைலா தச்சர் கடைக்குப் போனாள். ஹைஃபாவுக்கு அனுப்ப ஒரு மேசை வேண்டும் என்றாள். தச்சர் அளவுகூடக் கேட்கவில்லை.

"அடியில ரெண்டு பேர் படுக்கணும், அவ்வளவுதானே அக்கா? இந்த வாரத்துல இது பதினோராவது."