அப்பாவின் துடிப்பு

"அப்பா, இன்னைக்கும் துடிப்பு நூத்தி நாப்பதுக்குப் போயிருக்கு. மெதுவா மிதிக்கணும்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?"

"கொஞ்சம் அழுத்திட்டேன் போலிருக்கு, கண்ணு."

"தினமும் இதே பதில்தான்."

அவள் போனை வைத்தாள். டிராவல்ஸ் ஆபீஸில் அவளுக்கு எதிரே டிக்கெட்டுக்காக உட்கார்ந்திருந்தவர், காதில் எதுவுமே விழாதவர் போல ஃபேனைப் பார்த்தார்.

அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தபின், அவருடைய பழைய சைக்கிளின் பின்சக்கரத்தை ஒரு ட்ரெய்னரில் மாட்டி ஹாலில் நிறுத்தியவள் அவள்தான். நின்ற இடத்திலேயே மிதிக்கலாம். கையில் கட்டிக்கொள்ள ஒரு ஸ்மார்ட்வாட்சும் வாங்கிக் கொடுத்தாள். நெஞ்சு எவ்வளவு வேகமாகத் துடிக்கிறது என்று அவள் போனிலேயே தெரியும்.

தெரிந்ததுதான் வினை. வேலை ஓடவில்லை. அம்மாவைக் கூப்பிட்டாள்.

"நீயாவது எடுத்துச் சொல்லக் கூடாதாம்மா?"

"நான் பாக்கும்போதெல்லாம் ஆமை மாதிரிதான் மிதிக்கிறார். நான் அந்தப் பக்கம் போனதும் பறக்கிறாரோ என்னவோ. இந்த வீட்டுல என் பேச்சு என்னைக்கு எடுபட்டிருக்கு?"

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். "நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்."

"போலாமே. அம்மாவும் வரணும்."

"எனக்கு அங்க என்ன வேலை?" என்றாள் அம்மா.

"நீ வரலைன்னா நானும் வரலை."

சின்னப் பிள்ளை மாதிரி அடம். தன் உயிர் மேலேயே அக்கறை இல்லாதவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் டாக்டர், அங்கிருந்த சைக்கிளில் அப்பாவை மிதிக்க வைத்துப் பார்த்தார். பிறகு அவள் நீட்டிய போனை வாங்கி, மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"உங்கப்பா நல்லாவே இருக்கார். ஆனா இந்தத் துடிப்பு இவரோடது மாதிரி தெரியலையே. யாரோடதா இருந்தாலும் அவங்களை உடனே பாக்கணும். இப்பவே கவனிச்சா பயப்பட வேண்டியதில்லை."

அவள் திரும்பினாள். "வாட்சை யார் கையில கட்டி விட்டீங்க?"

அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அம்மாவைப் பார்த்தார்.

"வியர்வையில அரிக்குது, நான் மிதிச்சு முடிக்கிற வரைக்கும் நீ கட்டிக்கோன்னு கொடுப்பேன்ல? அதைக் கட்டிக்கிட்டுதான் நீ துணி வாளியோட மாடி ஏறுவே. பாதிப் படியில நின்னு மூச்சு வாங்குவே. கேட்டா ஒண்ணுமில்லைம்பே. டாக்டர்கிட்ட வான்னா, எனக்கு என்ன கேடும்பே."

அம்மா அவர் பக்கம் திரும்பினாள். "அப்போ இத்தனை நாளா இவ உங்களைத் திட்டினதெல்லாம்..."

"திட்டட்டும், அதனால என்ன?"

அப்பா நாற்காலியை விட்டு எழுந்து, அதை அம்மாவின் பக்கம் நகர்த்தினார்.

"பேஷன்ட் இவதான் டாக்டர். நான் துணைக்கு வந்தேன்."