ஆறு மணி வரை கடலில்

கரையோரமாக நாள் முழுக்க ஊர்ந்து போகும் பாய்மரப் படகில் மனிதர்கள் எதற்கு ஏறுவார்கள்? கடலைப் பார்க்க, போட்டோ எடுக்க, பாதி வழியில் வாந்தி எடுக்க. இந்தத் தம்பதி மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கரையிலிருந்த பங்களாக்களையே பைனாகுலரில் மேய்ந்துகொண்டிருந்தார்கள்.

“ஏங்க, அந்தப் பச்சை கேட் வீடு. மாடிக் கதவுல தாழ்ப்பாளே இல்ல பாருங்க.”

“நாய் இருக்கே.”

“கிழட்டு நாய். எழுந்து குரைக்கறதுக்குள்ள விடிஞ்சுடும். எழுதுங்க.”

கணவர் நோட்டில் எழுதினார். இவர்கள் வீட்டில் யார் ராஜ்ஜியம் என்பது படகுக்காரருக்கு அப்போதே புரிந்துவிட்டது. சுக்கானைப் பிடித்தபடி, கண்ணைக் கடலில் வைத்துக்கொண்டு காதை மட்டும் இந்தப் பக்கம் அனுப்பியிருந்தார்.

“அண்ணே, அந்த வெள்ளை பங்களாவுல ஆள் இருக்காங்களா?” என்றாள் மனைவி, ஏதோ மணி கேட்பது போல.

“மாசத்துல ஒரு வாரம் வருவாங்கம்மா.”

“எந்த வாரம்?”

படகுக்காரர் பாய்க்கயிற்றை நைசாகத் தளர்த்தினார். புடைத்திருந்த பாய் தொளதொளத்துப் போனது.

“காத்து விழுந்துடுச்சும்மா” என்றவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு கைபேசியில் கிசுகிசுத்தார்.

“ரெண்டு பேரும் என் படகுலதான்… விலாசமா? ஏறும்போது அவங்களே எழுதிக் குடுத்தாங்க, அனுப்பறேன்… வீட்ல வேற யாருமில்லையாம்… ஆறு மணிக்கு முன்னாடி கரைக்கு விடமாட்டேன். நீங்க ஆளுங்களோட போயிடுங்க.”

‘ஆறு மணி’யும் ‘ஆளுங்க’ளும் மட்டும்தான் அவர்கள் காதில் விழுந்தன. கணவர் நோட்டைச் சட்டென்று மூடினார்.

“போலீஸ்தான். போட்டுக் குடுத்துட்டான்.”

“உளறாதீங்க… அண்ணே, போன் யாருக்கு?”

“வீட்டுக்குத்தாம்மா. லேட்டாகும்னு சொன்னேன்.”

சொன்னவர் முகத்தில் அப்படியொரு சாந்தம். அதைப் பார்த்ததும் அவளுக்கே தைரியம் போய்விட்டது. நோட்டு சத்தமில்லாமல் கடலுக்குள் போனது. அதன்பிறகு இருவரும் அலைகளை ரசித்த ரசிப்பு இருக்கிறதே! பறவைகளைக்கூட வாய்விட்டு எண்ணினார்கள்.

ஆறேகாலுக்குப் படகு துறையைத் தொட்டபோது, சீருடையில் ஒருவர் நின்றிருந்தார். கணவர் மனைவியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

சீருடைக்காரர் கயிற்றை வாங்கித் தூணில் கட்டினார். “பார்த்து இறங்குங்க, வழுக்கும்” என்று சொல்லிவிட்டு அடுத்த படகைக் கட்டப் போய்விட்டார்.

“பயந்தாங்கொள்ளி! ஒரு நாள் உழைப்பு மீனுக்குப் போச்சு” என்று வீடு வரும்வரை கணவரைக் கிழித்தெடுத்தாள்.

வாசலில் பூட்டு தரையில் கிடந்தது. வாங்க ஆள் வரும்வரை பின்னறையில் பதுக்கியிருந்த பத்து வீட்டில் சுருட்டிய பொருட்களில் ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை. பதற்றத்தில் போலீஸைக் கூப்பிடப் போன கணவரின் கையைத் தட்டிவிட்டாள்.

“கூப்பிட்டு? என்னன்னு சொல்லுவீங்க?”

அதே நேரம் படகுக்காரரின் வீட்டில், அவருடைய அக்கா வீட்டுக்காரர் வியர்வையைத் துடைத்தபடி சொல்லிக்கொண்டிருந்தார்: “மாப்ளே, நீ படகு விட ஆரம்பிச்ச நாள்லேர்ந்து எத்தனையோ வீட்டுக்குப் போயிருக்கேன், நமக்குக் கஷ்டம் வைக்காம எல்லாத்தையும் மூட்டை கட்டி வச்சிருந்த புண்ணியவான்களை இன்னிக்குத்தான் பார்க்கறேன்!”