கதாநாயகி விழுந்த கிணறு

“மேடம், இந்தக் கதையை மலைசனங்க கிட்ட சொன்னா, நம்ம ரெண்டு பேரையும் உள்ள வெச்சிப் பூட்டிட்டுப் போய்டுவாங்க!”

தலைமையாசிரியர் தனசேகரனுக்கு வேர்த்துக் கொட்டியது. ஒரு காலத்தில் ஊரே கொளுத்தச் சொன்ன அந்தப் பழைய நாவலைப் பதினோராம் வகுப்புக்குப் பாடமாக வைக்கலாமா என்று பெற்றோரைக் கேட்டு எழுதச் சொல்லி மேலிடத்து உத்தரவு. இந்த மலைமேல், நெல்லிவாசல்நாட்டில் நாவலாவது மண்ணாவது என்பது அவர் கட்சி.

“கேட்டுத்தான் பார்ப்போமே சார்” என்றார் தமிழாசிரியை அருணா.

தனசேகரனின் செல்போன் அடித்தது. மலைக்குக் கீழே கணியம்பாடி வீட்டிலிருந்து மகள் சிவசங்கரி. புருஷன் அடித்ததில் வீங்கிய கையோடு போன வாரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவள்.

“அப்பா, நான் நம்ம வூட்லயே இருந்துடட்டுமா?”

“அதான் சொல்லிட்டேனேம்மா, அனுசரிச்சுப் போன்னு. நாலு பேரு நம்மள இன்னா பேசுவாங்க? சாயங்கால பஸ்சுக்குக் கிளம்பிடு.”

போனை அணைத்துவிட்டுக் கூட்டத்துக்குப் போனார்.

புளி உலுக்குகிற வேலையைப் போட்டுவிட்டு, ஷேர் ஜீப்பில் தொற்றிக்கொண்டு பெற்றோர் எல்லாரும் வந்திருந்தார்கள். அருணா கதையைச் சொன்னார். புருஷனின் அடி தாங்காமல் ஒருத்தி வெளியேறுகிறாள். வேறொருவனை விரும்புகிறாள். ஊர் தூற்றுகிறது. பெற்ற அப்பனே கதவைச் சாத்துகிறான். அவள் கிணற்றில் விழுந்து செத்துப்போகிறாள்.

கூட்டத்தில் சலசலப்பு. தனசேகரன் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டார்.

மாணவி இளவரசியின் அம்மா மங்கம்மாள் எழுந்தாள்.

“இன்னா சார் கதை இது? அசிங்கமா இருக்குது!”

“நானும் அதாம்மா சொன்னேன். கட்டுனவனை விட்டுட்டு இன்னொருத்தனை...”

“அதுல இன்னா சார் தப்பு? அடிக்கிறவன் வேணாம்னு வந்தா, வாங்குன பரிசத்தைத் திருப்பிக் குடுத்து, ஊருக்குத் தலைவரு ஊர்க்கவுண்டர் முன்னால தீர்த்துவுட்டா முடிஞ்சிபோச்சி. நானே அப்படி வந்தவதான். இதோ குந்தினுகிறாரே, இவரு எனக்கு ரெண்டாவது!”

பக்கத்திலிருந்த ரங்கன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புதுமாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தான். எல்லாரும் சிரித்தார்கள்.

“அப்ப எதும்மா அசிங்கம்?”

“பெத்த பொண்ணு வந்து வாசல்ல நிக்கிறா, அப்பன் கதவைச் சாத்துறான். அதைவிட அசிங்கம் இன்னா இருக்குது? என்னைப் பார்த்ததும் எங்கப்பன் ஒரு கேள்வி கேக்கல சார். ‘கூழு இருக்குது, வா’ன்னாரு.”

சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. தனசேகரனால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“அப்ப நாவல் வேணாம்னு எழுதிடட்டுமா?” அருணா கேட்டார்.

“வேணும்னு எழுதுங்க மேடம்! கீழ்நாட்டுல எப்படி இருக்குதுன்னு எங்க பொண்ணுங்க படிக்கட்டும். அப்பதான் அதுங்களுக்கு அதுங்க அப்பனுங்க அருமை தெரியும்.”

கைதட்டல் அடங்குவதற்குள் தனசேகரன் வெளியே வந்து போனைப் போட்டார்.

“பஸ் ஏறிட்டியாம்மா?”

“ஸ்டாப்பிங்ல நிக்கிறேம்பா.”

“நம்ம வூட்டுக்குத் திரும்பிப் போ. நானும் வர்றேன்.”

“நாலு பேரு...”

“கேட்டா, எங்கப்பாதான் கூப்ட்டாருன்னு தலை நிமிர்ந்து சொல்லும்மா!”